லைனுக்குப் போனவரும் லைன் பார்க்க வந்தவரும்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு நாள் 'லைன்' என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். என் அப்பா லைனுக்குப் போயிருக்கிறார் என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்கள் அப்பாக்களும் அங்கேதான் போயிருந்தார்கள். டீச்சர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். திருச்சிப் பக்கத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார், பாவம். லைன் என்றால் கோடு என்று சொல்லி, சாக்பீஸால் கரும்பலகையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோட்டின் மேல் என் அப்பா எப்படி பம்பாய் வரைக்கும் போய் வருவார் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

அதியமான்கோட்டையில் ஹைவேயை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு லைன் என்றால் கோடு என்பது கடைசியாகத்தான் ஞாபகம் வரும். லாரி ஓட்டுகிறவர்கள் ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் லோடு ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்களுக்கு லைன். நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாயடி. ரேஷன் கடையில் நிற்பது லைன். கரண்ட் கம்பத்தில் போவது லைன். அப்பாவுக்குப் போன் போட்டுக் கிடைக்காவிட்டால் லைன் போகலை என்பாள் அம்மா. பஸ் ஸ்டாப்பில் யாராவது பையன் சித்தியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டால் அதுவும் லைன்தான், ஆனால் அதைக் குழந்தைகள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னதற்கு ஒரு தடவை வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை லைன் இருந்தும் எங்கள் வீட்டில் யாரும் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழம்பியதில்லை. டீச்சர்தான் குழம்பினார்.

அப்பா சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் லைன் போவார். திரும்பும்போது வெங்காயம். வெங்காய லோடு என்றால் வழியில் நிற்க முடியாது, மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே எங்கள் வீடு கண்ணில் படுகிற தூரத்தில் வந்தும் அப்பா இறங்க மாட்டார். பைபாஸில் நீளமாக ஹாரன் அடிப்பார். ஹைவேயில் எத்தனை லாரி, எத்தனை ஹாரன். அம்மாவுக்கு மட்டும் அந்த ஒன்று தெரியும். அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, கட்டி வைத்த சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டுக்கு ஓடுவாள். லாரி நிற்கவும் நிற்காது, ஓடவும் ஓடாது, ஊர்ந்துகொண்டே போகும். அப்பா கையை நீட்டுவார். பொட்டலம் மேலே போகும், ஒரு மூட்டை வெங்காயம் கீழே வரும். அப்புறம் அம்மா லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். சோறு தீய்ந்து போயிருக்கும். அந்தத் தீய்ந்த சோறு எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால் அப்பா வருகிற நாளெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்.

அப்பா வீட்டிலிருந்து லைனுக்குக் கிளம்புகிற நாளில் இன்னொரு முறை உண்டு. வண்டி நகர்ந்த பிறகு வீடு கூட்டக் கூடாது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டிவிட்டேன் என்று அப்பா போன் செய்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடலாம். எங்கள் லைன் வீட்டில் எல்லா டிரைவர் குடும்பத்திலும் இது உண்டு. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

இனி சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாதான் வளர்த்தாள், சித்தி எங்களுடனேயே இருந்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயந்திரம் வருவாள். சிரிப்புக்காரி. கடைக்கு வருகிறவர்கள் எப்படிப் புடவையைத் தடவிப் பார்ப்பார்கள், எப்படி விலை கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று அவள் நடித்துக் காட்டினால் எங்கள் வரிசையில் ஐந்து குடித்தனமும் வந்து நின்று சிரிக்கும். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்பதே அந்த வருடம் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. அம்மாவுக்கு அந்தக் கவலையில் தூக்கமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மிக்ஸியில் பொடி அரைக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. பக்கத்து வீட்டில் எல்லாம் விளக்கு எரிந்தது. அம்மா என்னை அனுப்பி, டிரான்ஸ்பார்மர் கிட்ட இருந்த டீக்கடையிலிருந்து லைன்மேனைக் கூட்டிவரச் சொன்னாள். வந்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பென்னாகரம் பக்கம் ஊர், இங்கே அந்த டீக்கடைக்குப் பின்னால் வாடகை வீடு. ஒல்லி, நல்ல உயரம், காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டர். சமையலறைக்குப் போகிற நடையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கருகிப் போன கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி மாட்டினார். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் வேலை.

அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் அவர் ஊர், உறவு, அண்ணன் தம்பி, யார் வீட்டில் பெண் எடுப்பார்கள், யார் வீட்டில் கொடுப்பார்கள் என்று எல்லாம் விசாரித்து முடித்துவிட்டாள். ரேஷன் கடைக்காரர்கூட அப்படிக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்று தெரிந்ததும் இன்னொரு டம்ளர் டீ வந்தது. வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டாள். அவர், அஞ்சு மணிக்கு முடியும், ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன் என்றார்.

"தெனமுமாங்க?" என்று கேட்டாள் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. "ஆமாங்க. மழ காத்துன்னா கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். மத்தபடி தெனமும் வூட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

அம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். யானையைக் குழந்தை பார்ப்பது மாதிரி இருந்தது. இதில் என்ன அதிசயம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட பியூன்கூடத் தினமும்தான் வீட்டுக்குப் போகிறார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டு ஃபியூஸுக்கு என்ன வந்ததோ, அடிக்கடி போக ஆரம்பித்தது. ஊருக்கே கரண்ட் கட் இருந்த காலம் என்பதால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஊருக்குக் கரண்ட் வந்த பிறகும் எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். அதுவும் சரியாகச் சித்தி வேலை முடிந்து வந்து முகம் கழுவிப் பொட்டு வைத்த பிறகுதான் போகும். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர், இதற்கெல்லாம் எதற்கு லைன்மேன், நானே மாட்டித் தருகிறேன் என்று வந்தார். அம்மா விடவில்லை. கரண்டில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாமா, அவனவன் வேலையை அவனவன்தான் செய்ய வேண்டும் என்று பெரிய பிரசங்கமே செய்து அனுப்பிவிட்டு, என்னை டீக்கடைக்கு விரட்டினாள்.

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் மெழுகுவத்தி தேடுவார்கள். எங்கள் சித்தி சீப்புத் தேடுவாள். லைன்மேன் வந்து நிற்பார். டார்ச்சைச் சித்திதான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும். டார்ச் வெளிச்சம் சில சமயம் மீட்டர் பெட்டியில் விழும், பல சமயம் விழாது. அவர் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பார். முதல் தடவை கம்பி கருகியிருந்தது என்றேன் அல்லவா, அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கருகியிருக்கவில்லை. கம்பியே இருக்காது. அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சித்தியை ஒரு பார்வை பார்த்து, உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு புதுக் கம்பி சுற்றுவார். சித்தியும் எதற்கோ சிரிப்பாள். இருட்டில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். என் வீட்டுப் பாடம் பாதியில் கிடக்கும்.

ஒரு நாள் சித்தி தலை வாரிக்கொண்டே என்னிடம் ரகசியமாக, "கம்பத்துல இருந்தே ஏதோ பண்ணிர்றாரு பாப்பா. இங்க வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் நம்பிவிட்டேன். கம்பத்தில் ஏறுகிறவருக்கு எதுதான் முடியாது.

இப்படி எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா நாசிக்கிலிருந்து போன் செய்தார். நீண்ட லைன் வண்டிகளில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். அப்பாவுடன் போகிற மாத்து டிரைவர் ஒருவர் இருந்தார். வயது குறைவு, நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குடி கிடையாது, புகை கிடையாது. ஒரு தடவை எனக்குக் குஜராத்திலிருந்து கண்ணாடிச் சில்லு பதித்துத் தைத்த பை வாங்கி வந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் குழாயடிக்குக்கூடப் போவேன். அந்த அண்ணனுக்கே சித்தியைப் பேசி முடித்துவிடலாம் என்று வண்டியிலேயே அப்பா முடிவு செய்துவிட்டார். வாக்கும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவும் அக்காவும் பெண் பார்க்க வருகிறார்கள், அன்று இரவு எட்டு மணிக்கு மறுபடி லைனுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் பூ வைத்துவிட்டால் நல்லது என்றார்.

அம்மா சரிங்க, சரிங்க என்றாள். போனை வைத்தாள். சித்தி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். "மாமா கிட்ட நீ சொல்லேன்க்கா" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். அம்மா, என்னவென்று சொல்வது என்று கேட்டாள். பையனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. குடும்பத்தைச் சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. லைன்மேன் இதுவரைக்கும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்காத ஒன்றை இவள் எப்படிப் போய்ச் சொல்வாள்? அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு ஃபியூஸ் போகவே இல்லை. சித்தி ஒவ்வொரு சாயந்திரமும் பொட்டு வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாரி ஜவ்வரிசி மூட்டைகளோடு தார்ப்பாய் கட்டி சர்வீஸ் ரோட்டில் நின்றது. அப்பா முகம் மழித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். வரிசையில் எல்லா வீட்டிலிருந்தும் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வந்தது. ராகு காலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் அவர்கள் வந்தார்கள். மாத்து டிரைவர் அண்ணன் புதுப் பேன்ட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஏழு மணியோடு நல்ல நேரம் முடிகிறது, சீக்கிரம் பெண்ணை வரச் சொல்லுங்கள் என்றார் அவருடைய அம்மா.

நான் கேசரி பதம் பார்க்கச் சமையலறைக்குள் நுழைந்தபோது அம்மா கேழ்வரகு மாவு டப்பாவைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு எதையோ புதைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் மூலை கண்ணில் பட்டு மறைந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா பீரோ சாவி, கம்மல், சித்தியின் சம்பளம் எல்லாவற்றையும் அந்த மாவுக்குள்தான் வைப்பாள். அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. அப்போதுதான், வீடு இருட்டாக இருக்கிறதே என்று எனக்கு உறைத்தது. முன்னறையில் எல்லாரும் அடடா, அடடா என்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இருட்டில் பெண்ணைக் காட்டுவது நல்லதில்லை, பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், அடுத்த தடவை லைன் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று இழுத்தாள். பரீட்சைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அப்பா, இதுக்குப் போய் ஒரு லைன் தள்ளுவதா என்று சிரித்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், அம்மா பயந்துகொண்டிருந்த அந்தக் காரியத்தைச் செய்தார். வீட்டு ஓனர் பையனைச் சைக்கிளில் அனுப்பி லைன்மேனைக் கூட்டிவரச் சொன்னார்.

சைக்கிள் போனதுதான் தெரியும், லைன்மேன் வந்து நின்றார். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தால் நடந்தா வருவார்? வந்த வேகத்தில் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் நாற்காலிகள் மேல் விழுந்தது, வெற்றிலை பாக்குத் தட்டில் விழுந்தது, பூவில் விழுந்தது, புதுப் பேன்ட்டில் விழுந்தது. அப்புறம் டார்ச் தரையைப் பார்த்துக்கொண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. மீட்டர் பெட்டியிடம் போய்க் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டியபடி நின்றார்.

"கட்டையே இல்லீங்களே" என்றார்.

ஃபியூஸ் கட்டையை யார் திருடுவார்கள் என்று அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் மானம் போகிறதே என்று குனிந்து தரையெல்லாம் தடவித் தேடினார். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து இப்படித் தேடுகிறார்களே, எனக்குத்தான் தெரியுமே என்று உள்ளே ஓடி, மாவு டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி, கட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மாவு கொட்டியது.

"இந்தாப்பா. அம்மாதான் மாவு டப்பால வெச்சுச்சு" என்று அப்பா கையில் கொடுத்தேன்.

ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. சமையலறை வாசலில் சித்தி மெழுகுவத்தியோடு நின்று அம்மாவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லைன்மேன் சித்தியைப் பார்த்தார். பிறகு அவரும் அம்மாவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்காமல், கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். என் அப்பா டிரைவர். முன்னால் போகிற வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அது இண்டிகேட்டர் போடுவதற்கு முன்பே சொல்கிறவர். அவர் லைன்மேனைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், கடைசியில் அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கட்டையைத் தன் துண்டால் நிதானமாகத் துடைத்தார்.

"மாட்டுப்பா" என்று லைன்மேனிடம் நீட்டினார்.

விளக்கு எரிந்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. நேரம் போய்விட்டதே என்றார் அண்ணனின் அம்மா. அதனாலென்ன, முதலில் கேசரி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்பா அந்த அண்ணனின் தோளில் கை போட்டு லாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார் என்பதைப் பல வருடம் கழித்து அந்த அண்ணனே எனக்குச் சொன்னார்.

"தம்பி, நாம ரெண்டு பேரும் ஒரே வண்டில போறவங்க. வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரே வூட்ல அக்காளும் தங்கச்சியும் சேந்து ஒக்காந்து அழுவாங்க. நான் யோசிக்காம பேசிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அண்ணன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டாராம். அவருக்கு அடுத்த வைகாசியில் பாலக்கோட்டில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்கு அப்பாதான் முன்னால் நின்றார். அன்றைக்கு இருவரும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கிளம்பப் பார்த்த லைன்மேனையும் இழுத்து உட்கார வைத்து, எல்லாருமாகச் சேர்ந்து கேசரி சாப்பிட்டார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்பதையே மறந்துவிட்ட மாதிரி ரோட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு இரண்டாவது தட்டு கிடைத்தது.

லைன்மேன் சித்தப்பா ஆன பிறகு ஒரு வாரத்துக்குள் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அவர் சித்தியிடம், நீ அடிக்கடி கம்பியை உருவிவிட்டுக் கூப்பிட்டு அனுப்பியதால்தான் எனக்கே உன்மேல் எண்ணம் வந்தது என்றாராம். சித்தி, நானா, நீங்கள்தானே கம்பத்திலிருந்து கட் பண்ணிவிட்டு வந்தீர்கள் என்றாளாம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்து அம்மா முன்னால் நின்றார்கள். அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஆமா, எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள்.

இன்றுவரைக்கும் அவள் ஒப்புக்கொண்டதில்லை. சித்தப்பா இன்னும் கம்பம் ஏறுகிறார். மழைக் காற்றடிக்கிற நாளில் சித்தியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள், ஆனால் ராத்திரிக்குள் அவர் வந்துவிடுவார். அப்பா பல வருடம் லைனுக்குப் போய்விட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். லைன்ல இருங்க சார், லைன்ல இருங்க மேடம் என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். சொல்லும்போது சில சமயம் அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஞாபகம் வந்துவிடும்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு அப்பா கிளம்பினார். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் வைத்தாகிவிட்டது. மாத்து டிரைவர் அண்ணன் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். அவள் புருவத்தில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அப்பா பொட்டலத்தை வாங்கவில்லை.

"அவ்ளோ கஷ்டமாவா இருக்குது?" என்று கேட்டார்.

அம்மா பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினாள். பாவம், அம்மாவுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை போலிருக்கிறது என்று நான் முந்திக்கொண்டேன்.

"சித்திக்கு ஒண்ணும் கஷ்டமில்லப்பா. அது உள்ள சிரிச்சிட்டுதான் இருக்குது" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். அந்த லைன் முடிந்து வெங்காயத்தோடு வந்தபோது அவர் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அழுகினால் அழுகட்டும் என்று வீட்டுக்கு நடந்து வந்து, அம்மா பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான். எனக்குத் தீய்ந்த சோறு நின்றுபோனதில் கொஞ்சம் வருத்தம்.

அன்று லாரியின் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு அம்மாவும் நானும் உள்ளே வந்தோம். சமையலறையிலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் நான் கொட்டிய மாவு தரையெல்லாம் கிடந்தது. கூட்டக் கூடாது, அப்பா இன்னும் கிருஷ்ணகிரி தாண்டவில்லை. அம்மா அந்த மாவுக்குப் பக்கத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். மாவை இப்படி வீணாக்கிவிட்டேனே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, நான் பயந்துகொண்டே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கேட்டது சித்தியைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.